சைக்கிளில் வருகிறவர்களின் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் வீதிகளையும் நகரத்தின் வாகனத் தரிப்பிடங்களையும் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

நகரின் நடுவே நாங்கள் பல வருடங்களாகச் சைக்கிள் நிறுத்திவந்த ஒரு மதிலோரத்தில் அண்மையில் பலகை ஒன்று நடப்பட்டிருக்கிறது. இனி அந்த இடம் நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டும் என்றும், மீறி நிறுத்தப்படும் துவிச்சக்கர வண்டிகள் அகற்றப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அகற்றப்பட்ட சைக்கிள் எங்கே கொண்டுபோகப்படும், நாங்கள் இனி எங்கே நிறுத்த வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அந்த மதிலோரம் இரண்டு கார்கள் நிற்கக்கூடிய அளவுதான். ஆனால் காலை எட்டு மணிக்குப் பிறகு அங்கே இருபது சைக்கிளுக்குக் குறையாமல் நிற்கும். புடைவைக் கடைகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள், மருந்துக்கடை உதவியாளர், வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மா, வங்கி வாசலில் நிற்கும் காவலாளி, என்னைப் போல் கணக்கெழுதுகிறவர்கள். இருபது பேரின் இடத்தை எடுத்து இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த முடிவை யார், எந்தக் கூட்டத்தில் எடுத்தார்கள் என்று கேட்டுப் போனோம். மதிலுக்குப் பொறுப்பான அலுவலகம் வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்தைக் காட்டியது. அங்கே போனால், பலகையை நட்டவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத்தான் இப்படி அலைந்தோம்.

பலகை கடைசியாக வந்த ஒன்று. அதற்கு முன்பிருந்தே சேர்ந்து வந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். என் பெயரைவிட நான் வரும் வழி முக்கியம் என்பதால் வழியைச் சொல்கிறேன். நீர்வேலியிலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு, நல்லூர் என்று நகரத்துக்கு வருகிறேன். சுமார் பத்துக் கிலோமீற்றர். மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்கு வேலை. எட்டரை மணிக்குக் கதிரையில் இருக்க வேண்டும்.

காற்று இல்லாத நேரத்தில், வீதி வெறுமையாக இருந்தால், இந்தத் தூரத்துக்கு நாற்பது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நல்லூருக்குப் போகும்போது அவ்வளவுதான் எடுக்கிறது. அதே சைக்கிள், அதே கால்கள், வேலை நாளில் நகரத்துக்கு வந்து சேர ஐம்பத்தைந்து நிமிடம் ஆகிறது. சில நாட்களில் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுகிறது. இடையிலுள்ள அந்தப் பதினைந்து இருபது நிமிடங்கள் எங்கே போகின்றன என்பதைத்தான் நீங்கள் அறிய வேண்டும்.

ஒரு பகுதி காற்றுக்குப் போகிறது. வைகாசி தொடங்கிச் சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். நீர்வேலியிலிருந்து நகரம் இருப்பதும் அந்தத் திசையில்தான், ஆகவே காலையில் அது நெஞ்சுக்கு நேரே. மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். மாலையில் வீடு திரும்பும்போது அதை எதிர்த்து மிதிக்க வேண்டும். இதற்கு யாரும் பொறுப்பில்லை. எங்கள் ஊர் மலையில்லாத சமதரை. ஏற்றமும் இறக்கமும் இல்லாத இந்த நிலம் சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்றது. காற்று எடுத்துக்கொள்ளும் நிமிடங்களை நாங்கள் மனதோடு கொடுத்துவிடுவோம். மிச்சம் எல்லாம் வீதியில் போகிறது.

போர் முடிந்த பிறகு எங்கள் பெரிய வீதிகள் அகலப்படுத்தப்பட்டு, தார்க்கலவையைப் பரப்பி அழுத்திய காப்பற் வீதிகளாக மாறின. அதை நான் குறைசொல்லவில்லை. குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் டயரும் முதுகும் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் காப்பற் போட்ட வீதி பழைய தரையைவிட உயர்ந்து நிற்கிறது. விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே பல இடங்களில் ஒரு முழத்துக்கும் குறைவான தார். அதற்கப்பால் திடீரென்று இறக்கம்; நான்கு விரல் தாழ்வு, சில இடங்களில் ஒரு சாண். கீழே கிறவல், மணல், உடைந்த போத்தல், மழை பெய்தால் செம்மண் சேறு. மதகுகள் வரும் இடங்களில் அந்த ஒரு முழமும் இல்லை. கட்டுச்சுவர் வெள்ளைக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த விளிம்பு என்ன செய்யும் என்பது காரில் போகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பின்னால் வரும் வாகனம் ஹோர்ன் அடிக்கும்போது சைக்கிள்காரர் இடப்பக்கம் ஒதுங்குவார். முன்சக்கரம் தாரிலிருந்து இறங்கிக் கிறவலில் விழும். அதுவரை ஆபத்தில்லை. மறுபடி மேலே ஏற முயலும்போதுதான் ஆபத்து. வீதிக்கு இணையாக ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் அந்த விளிம்பில் ஏறாது; பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். கைபிடியைத் திருப்பினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்க, உடம்பு வலப்பக்கம், அதாவது வாகனங்கள் வரும் பக்கம் சாயும். ஏற வேண்டுமென்றால் நன்றாகத் திருப்பி, ஏறக்குறையக் குறுக்காக ஏற்ற வேண்டும். பின்னால் லொறி வரும்போது யார் குறுக்கே திருப்புவார்கள்?

கோப்பாய்க்கும் இருபாலைக்கும் இடையில் ஒரு மாணவி இப்படி விழுந்ததை நான் பார்த்தேன். வெள்ளைச் சீருடை, கரியரில் ரியூசன் கொப்பிகள். வான் ஒன்று மிக அருகே ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. பிள்ளை இறங்கினாள், ஏற முயன்றாள், முன்சக்கரம் விளிம்பில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது, அடுத்த கணம் தாரில் கிடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தது என் சைக்கிள் என்பதால் எழுந்து நின்றாள். பின்னால் வந்தது மண் ஏற்றும் ரிப்பர் லொறியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. அழவில்லை. சோதனை இருக்கிறது அன்ரி, எழுதும் கை என்று மட்டும் சொன்னாள். வான் நிற்கவில்லை. வான் அவளைத் தொடவும் இல்லை. எந்தப் பொலிஸ் பதிவிலும் இது ஒரு விபத்தாக இருக்காது. சைக்கிள் விபத்துகள் குறைவு என்று உங்கள் மேசையில் ஒரு கணக்கு இருந்தால், அந்தக் கணக்குக்குள் வராதவை இப்படிப்பட்டவைதான் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு, பின்னால் பாரவாகனத்தின் இரைச்சல் கேட்டால் நான் இறங்கி நின்றுவிடுகிறேன். கடந்து போன பிறகு மறுபடி ஏறி மிதிக்கிறேன். என்னைப் போல் பலரும் செய்கிறார்கள். குறிப்பாகப் பெண்கள், வயதானவர்கள். ஒரு தடவை நின்று ஏற அரை நிமிடம். காலை ஏழரை மணிக்குக் கோப்பாய் தொடக்கம் கல்வியங்காடு வரை எத்தனை பாரவாகனங்கள் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். கல்வியங்காட்டுச் சந்தியில் நிலைமை வேறு. அங்கே விளிம்பில் ஓடவே முடியாது, ஏனென்றால் விளிம்பு முழுவதும் வாகனங்கள் நிற்கும். மரக்கறி இறக்கும் சிறிய லொறி, கடைக்காரரின் வான், ஒரு நிமிடத்தில் வருகிறேன் என்று விட்டுப்போன கார். ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு நடுவீதிக்குப் போக வேண்டும். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சூழவுள்ள வீதி மூடப்படும். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை; முருகனுடைய வீதி, அவருக்கு வழிவிடத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் வளவைக் கூட்டி, கயிறு கட்டி, துண்டெழுதிக் கொடுத்து, பெருந்தொகைச் சைக்கிள்களை ஒழுங்காக நிறுத்திப் பாதுகாக்கிறார்கள். அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உள்ளே நூலிழை போகவும் இடமிருக்காது, ஆனாலும் துண்டைக் காட்டியவுடன் உங்கள் சைக்கிள் வெளியே வந்துவிடும். சைக்கிளை நிறுத்த நகரத்தில் இடமில்லை, ஒழுங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் அந்த வளவுகளைத்தான் காட்டுவேன்.

நகரத்துக்குள் வந்தபின் இப்போது புதிதாக ஒரு பத்து நிமிடம் சேர்ந்திருக்கிறது. மதிலோரம் போனபிறகு, கட்டணம் வாங்கும் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் ஒன்றில் விட்டுவிட்டு நடந்து வருகிறேன். மாலையில் அது பூட்டும் நேரத்துக்கு முன் எடுக்க வேண்டும். கடையில் கணக்கு முடியப் பிந்தும் நாட்களில் எழுந்து ஓடிப்போய்ச் சைக்கிளை எடுத்துவந்து கடைவாசலில் வைத்துவிட்டு மறுபடி வேலையைத் தொடர்கிறேன். புடைவைக் கடைப் பிள்ளைகளுக்கு அப்படி எழுந்து போகவும் அனுமதியில்லை. அவர்களில் இருவர் இப்போது பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். பருத்தித்துறையிலிருந்து வரும் 750ஆம் இலக்க பஸ் காலையில் நீர்வேலிக்கு வரும்போதே நிரம்பித்தான் வரும். சில வேளை நிற்காமலே போகும். ஆகவே ஏழு மணிக்கே வீதிக்கு வந்து நிற்கிறார்கள். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, விளக்கில்லாத ஒழுங்கையால் தனியே நடக்கிறார்கள். சைக்கிள் இருந்தவரைக்கும் அந்தப் பிள்ளைகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஒழுங்கை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தீர்வின் பாதி அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே பெரிய வீதி ஒன்று இருந்தால், அதன் இரு பக்கத்திலும் வளைந்து வளைந்து ஓடும் ஒழுங்கைகள் பத்து இருக்கும். நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, இருபாலையில் மதில்களுக்கும் கதியால் வேலிகளுக்கும் இடையே, நல்லூரில் மாமர நிழலில். பாரவாகனம் வராது. வெயில் குறைவு. வீதியில் வாகனம் அதிகமாக இருக்கும் நாட்களில் நான் இந்த வழியால் வருகிறேன். ஆனால் ஒழுங்கை வழி ஒரே தொடராக இல்லை. ஒரு ஒழுங்கை முடியும் இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குப் பெரிய வீதியில் சிறிது தூரம் எதிர்ப்பக்கமாக ஓட வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் பொதுவழியின் பாதியை மதில் விழுங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் முழங்கால் அளவுக்கு நிற்கும். பழைய வாய்க்கால்களும் குளங்களும் தூர்ந்த இடங்களில் அது கிழமைக்கணக்கில் வற்றாது. சில ஒழுங்கைகளின் மூலையில் குப்பை கொட்டுகிறார்கள், குப்பைக்கு நாய்கள் வருகின்றன. இருட்டிய பிறகு ஒரு பெண் அந்த வழியால் வரத் துணியமாட்டாள். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதை நினைத்துப்பாருங்கள்.

பெரிய வீதிக்கு ஒரு பொறுப்பு, அதற்கு அடுத்த தர வீதிக்கு மாகாணத்தின் பொறுப்பு, ஒழுங்கைக்கு உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. இந்த மூன்றும் ஒரே மனிதரின் ஒரு காலைப் பயணத்தில் வந்துபோகின்றன. எங்களுக்கு அது ஒரே வழி. உங்களுக்கு அது மூன்று கோப்புகள். மூன்று கோப்புகளும் ஒரு மேசைக்கு வராததால்தான் ஒழுங்கையும் வீதியும் சந்திக்கும் இடங்களில் எல்லாம் பள்ளமும் கிறவலும் கிடக்கின்றன.

அண்மையில் நான் போயிருந்த ஒரு கலந்துரையாடலில், நகரத்தின் வாகன நெரிசல் பற்றி நெடுநேரம் பேசினார்கள். சமிக்ஞை விளக்குகள், ஒருவழிப் பாதை, கார்த் தரிப்பிடம். சைக்கிள் பற்றிக் கேட்டபோது, இப்போது எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் மாறிவிட்டார்கள், சைக்கிள்காரர் குறைந்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. குறைந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் குறைந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பயத்தில் விட்டவர்கள் எத்தனை பேர்? பிள்ளையைச் சைக்கிளில் பாடசாலைக்கு அனுப்பப் பயந்து, கடனில் ஸ்கூட்டர் எடுத்து, மாதாமாதம் லீசிங் கட்ட நகை அடகு வைத்த தாய்மார் எத்தனை பேர்? எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். இன்னும் ஒன்று. 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறக்கப்பட்டது. வீதிக்கு வரும் வாகனங்கள் இனியும் கூடும். நெரிசலைக் குறைக்க வழி தேடும் நீங்கள், நெரிசலே உண்டாக்காத வாகனத்தில் வருகிறவர்களை அந்த வீதியிலிருந்து துரத்துவது எந்த விதத்தில் நியாயம்?

இந்த மாவட்டம் சைக்கிளால் உயிர் பிழைத்த மாவட்டம். 1990 யூனில் போர் மறுபடி மூண்ட பிறகு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய சில வாகனங்களைத் தவிர எல்லாப் பயணமும் சைக்கிளில்தான் நடந்தது. நோயாளியும் சைக்கிளில், விறகும் சைக்கிளில். டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, நான் பாடசாலைப் பிள்ளை. அம்மா உருட்டிய சைக்கிளின் கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நெடுங்காலத்துக்கு முந்திய கதை என்று இதைத் தள்ளிவைத்தாலும், 2022ஐத் தள்ளிவைக்க முடியாது. எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் வரிசை நின்றது. பிறகு கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அந்த மாதங்களில் வைத்தியர்களும் அதிபர்களும் அலுவலக உத்தியோகத்தர்களும் எங்களோடு சைக்கிளில் வந்தார்கள். சைக்கிளின் விலை கைக்கெட்டாமல் போனது; பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துத் திருத்தக் கொடுத்தவர்களால் சைக்கிள் கடைகள் நிரம்பி வழிந்தன. அன்று வீதியில் விளிம்பு எப்படி இருக்கிறது என்று உங்கள் அலுவலகங்களில் இருப்பவர்களே மிதித்துப் பார்த்தார்கள். வரிசை மறைந்தது. அவர்கள் கார்களுக்குத் திரும்பினார்கள். விளிம்பு அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு எழுதுகிறேன். தூரத்திலிருந்து நடந்து வரும் மாணவர்களுக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறார்கள். பெரிய உதவி அது. ஒரு சைக்கிளால் படிப்பைத் தொடர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த நிகழ்வுகளில் உங்களில் பலர் பிரதம விருந்தினராக மேடையில் இருப்பீர்கள், கைபிடியைப் பிடித்துப் பிள்ளையிடம் கொடுக்கும் படம் பத்திரிகையில் வரும். அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளை அந்தச் சைக்கிளை எந்த வீதியில் ஓட்டிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். சைக்கிளை ஊரார் கொடுத்துவிட்டார்கள். வீதியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

முதலாளிமாருக்கும் ஒரு சொல். கைரேகை இயந்திரத்துக்கு வேலியோரத்துச் சேறும் தெரியாது, எதிர்க்காற்றும் தெரியாது. ஐந்து நிமிடம் பிந்தியதற்குச் சம்பளத்தில் பிடிக்கும் முன், அந்தத் தொழிலாளி எதில் வந்தார், எங்கிருந்து வந்தார் என்று கேளுங்கள். கடையின் பின்புறத்தில் நான்கு சைக்கிள் நிற்க இடமும் முகம் கழுவ ஒரு குழாயும் கொடுப்பது பெரிய செலவில்லை.

இனி நாங்கள் கேட்பவை.

அந்த மதிலோரத்துப் பலகையை அகற்றுங்கள். அகற்ற முடியாதென்றால், அதே தூரத்துக்குள், கூரையோடும் பூட்டிக் கட்ட இரும்புச் சட்டத்தோடும், இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் இடமொன்றை முதலில் தாருங்கள். அதன் பிறகு எங்களை எழுப்புங்கள். நகரத்தில் இனிமேல் எந்தத் தரிப்பிடம் ஒதுக்கப்பட்டாலும் அதில் சைக்கிளுக்கு எவ்வளவு இடம் என்பது அதே அறிவித்தலில் எழுதப்பட வேண்டும்.

பருத்தித்துறை வீதியின் விளிம்பை, கோப்பாய்க்கும் கல்வியங்காட்டுக்கும் இடையில், வரும் ஐப்பசி மழைக்கு முன் தாரின் மட்டத்துக்கு நிரப்பித் தாருங்கள். பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, மானிப்பாய் வீதி, கண்டி வீதியால் வருகிறவர்களும் இதே குறையைச் சொல்கிறார்கள். அவற்றுக்கும் ஒரு கால அட்டவணை வேண்டும். இனிச் செய்யும் காப்பற் வேலை எதுவும், இரண்டு பக்க விளிம்பும் இறக்கமில்லாமல் முடிக்கப்படும்வரை நிறைவடைந்ததாகக் கையெழுத்திடப்படக் கூடாது. ஒப்பந்தத்திலேயே அதை எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் மதகுகளில் சைக்கிள் ஓடும் அளவுக்கு அகலம் கூட்ட முடியாதென்றால், குறைந்தது இரவில் ஒளிரும் அடையாளத்தையாவது சுவரில் பொருத்துங்கள்.

காலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரையும், பாடசாலை விடும் நேரத்திலும், ரிப்பர்களை இந்த வீதிகளில் ஓடவிடாதீர்கள். கல்வியங்காட்டுச் சந்தியில் விளிம்பை மறித்து நிறுத்தும் வாகனங்களுக்குப் போக்குவரத்துப் பொலிஸார் காலையில் தண்டப்பத்திரம் எழுதட்டும். தலைக்கவசம் போடாதவரைப் பிடிக்க நிற்கும் அதே இடத்தில் நின்றே அதைச் செய்யலாம்.

மூன்று தரப்புப் பொறியியலாளர்களும் ஒரே நாளில் ஒன்றாக வந்து, இருபாலையிலிருந்து நகரத்திலுள்ள பெரியாஸ்பத்திரி வரை ஒழுங்கைகளை இணைத்து ஒரு வழியைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு வழி போதும், பத்து வேண்டாம். அதற்கு விளக்குப் போடுங்கள், தண்ணீர் வடியச் செய்யுங்கள், பொதுவழியை மறித்த மதிலை அளந்து பின்னால் தள்ளுங்கள், ஒழுங்கை வீதியைத் தொடும் இடத்தில் தார் போடுங்கள். எந்த ஒழுங்கையில் எங்கே தண்ணீர் நிற்கும் என்பதைக் காட்ட எங்களில் ஒருவர் கூட வருவார்.

சைக்கிள்காரர் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லும் முன் எண்ணிப் பாருங்கள். பத்து மணிக்குப் பிறகு எண்ணாதீர்கள். அப்போது நாங்கள் எல்லோரும் வேலையில் இருப்போம். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, இருபாலைச் சந்தியிலும் முத்திரைச் சந்தியிலும் ஆட்களை நிறுத்தி எண்ணுங்கள். பிள்ளைகளையும் எண்ணுங்கள். ஒழுங்கைகளிலிருந்து வெளியே வருகிறவர்களையும் எண்ணுங்கள். அந்தத் தொகையைப் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

அடுத்த கலந்துரையாடலை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வையுங்கள். புடைவைக் கடைப் பிள்ளைகளும் துப்புரவு வேலை செய்யும் அந்த அம்மாவும் அப்போதுதான் வர முடியும். இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள், எந்தக் கோரிக்கைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, பொறுப்பான உத்தியோகத்தர் யார், எந்தத் திகதிக்குள் செய்யப்படும் என்று எழுத்தில் பதில் தாருங்கள். செய்ய முடியாததை முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள். பதிலின் பிரதியை அந்த மதிலோரத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பருத்தித்துறை வீதியால் சைக்கிளில் வேலைக்கு வரும் ஒருத்தி
நீர்வேலி